நீலம் அடித்தால் வெட்டு

எர்மினியா செர்வினுக்கு மலையை அறிமுகம் செய்துவைக்க ஒரு பெண் வந்திருந்தாள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். பதின்மூன்று வருஷம் அந்த மலையில் மரம் நட்டு, மரம் வெட்டி, வெட்டிய கிளைகளைக் குவித்து எரித்து, முட்டி இரண்டையும் அங்கேயே தொலைத்துவிட்டு இறங்கியவள் எர்மினியா. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனங்கள் மாதா கோயிலைவிட்டு வெளியே வருகிற நேரமாகப் பார்த்து, ஒரு பெட்டி டோநட்டையும் ஒரு படத்தட்டியையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். பெயர் கெல்சி. பொதுநில அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். ஸ்பானிஷ் பேசுகிற மக்களைப் பொதுநிலத்தின் பக்கம் இழுப்பது அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. ஸ்பானிஷைக் கல்லூரியில் படித்திருந்தாள். அது வாயைத் திறந்தவுடனே தெரிந்தது.

"அன்பார்ந்த நண்பர்களே, இப்பொதுநிலம் தங்களுக்கும் உரியது. தாங்கள் ஏன் அங்கு வருகை தருவதில்லை?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வருவதில்லையா? ஓடைக்கரையில் ஞாயிறு தவறாமல் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவது பின்னே யாராம்? ஒரு வீட்டில் எட்டுப் பேர் படுக்கிற குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளைக் காற்றாட ஓட விடுவதற்கு அந்தப் பள்ளத்தாக்கில் வேறு எந்த இடம் இருக்கிறது? விஷயம் இவ்வளவுதான். வருகிறவர்கள் பெயர் எழுதுகிற புத்தகத்தை அலுவலகம் மேல்வாசலில் வைத்திருந்தது. இவர்கள் வண்டி நிறுத்த வசதியான கீழ்வாசல் வழியாகப் போவார்கள். புத்தகத்தில் ஒரு கோமெஸ், ஒரு செர்வின் இல்லை என்பதால், இந்தச் சனத்துக்கு இயற்கையின் அருமை தெரியவில்லை என்று அலுவலகத்தில் முடிவு கட்டி, அறிக்கை எழுதி, கெல்சியை டோநட்டோடு அனுப்பிவிட்டார்கள்.

"என்ன கொமாத்ரே, நாம அங்க போறதில்லையாமே?" என்றாள் சோலே. எர்மினியா சோலேயின் மகளுக்கு ஞானத்தாய். அதனால் இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் கூப்பிட அந்த ஒரு சொல்தான்.

"போறது நம்ம பேய் போல. ஞாயித்துக்கிழமை பேய்" என்றாள் எர்மினியா. ஆனாலும் டோநட்டை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் நெற்றியில் வேர்த்திருந்தது. பயந்துகொண்டே சிரிக்கிற முகம்.

கெல்சி கேட்டது இதுதான்: வருகிற சனிக்கிழமை ஓடைக்கரையில் முள்செடி பிடுங்கிச் சுத்தம் செய்யத் தொண்டர்கள் வேண்டும். சோலேயின் பேரனுக்கு அதற்கடுத்த சனிக்கிழமை ஞானஸ்நானம். விருந்து அதே ஓடைக்கரையில். எர்மினியா யோசித்தாள். "நம்ம விருந்துக்கு நாமளே வாசல் தெளிக்கிற மாதிரிதானே. அலுவலகமும் நம்ம மூஞ்சியைப் பார்த்துக்கட்டும். நான் கூட்டிட்டு வர்றேன் மகளே" என்றாள்.

அவள் ஒரு சொல் சொன்னால் அந்தக் கோயிலில் பாதிப் பேர் எழுந்து வருவார்கள். அது சும்மா வந்த மதிப்பு இல்லை.

மெக்சிகோவின் மிச்சோவகானிலிருந்து இருபத்திரண்டு வயதில் கணவன் ரொசெந்தோவோடு அமெரிக்காவின் ஓரிகனுக்கு வந்தவள் எர்மினியா. ரொசெந்தோ மரம் நடுகிற கூட்டத்தில் வேலை செய்தான். அந்தக் கூட்டத்துக்குச் சமைக்க இவள் வண்டி ஏறினாள். விடிவதற்கு முன்னால் பனியில் நின்று நூற்றுக்கணக்கில் தோர்த்தியா ரொட்டி தட்டிப் போட்டு, அவரையை வேகவைத்து இறக்குவாள். ஏழாம் வருஷம் ரொசெந்தோ வடக்கே ஆப்பிள் பறிக்கப் போனான். அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். "அந்தாளு நட்ட மரமெல்லாம் வேர் பிடிச்சிருச்சு. அந்தாளுதான் பிடிக்கல" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். ஒருநாள் ஒருவன் காலை வெட்டிக்கொண்டான். அவன் இடத்தில் கிளை குவிக்கக் கரண்டியை வைத்துவிட்டு இறங்கியவள், பிறகு கரண்டியைத் தொடவே இல்லை. கூட்டத்தில் இருந்த ஒரே பொம்பளை. எத்தனையோ ஆம்பிளைகள் இரண்டு மழைக்கு ஓடிப்போனார்கள். இவள் பதின்மூன்று மழைக்காலம் நின்றாள்.

அந்த வேலையில் முதல் வாரமே அவள் கற்றுக்கொண்டது பெயின்டின் சட்டம். அடர்ந்த காட்டில் எந்த மரத்தை எடுப்பது, எதை விடுவது என்று அலுவலகத்து ஆட்கள் முன்னாலேயே வந்து பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். ஆள் மார்பு உயரத்தில் ஒரு நீல வளையம், வேர்ப்பக்கம் ஒரு நீலக் கோடு. மேலே இருப்பது வெட்டுகிறவனுக்கு. கீழே இருப்பது, மரம் போன பிறகு அடிக்கட்டையைப் பார்த்துச் சரிபார்க்கிறவனுக்கு. ஆரஞ்சு என்றால் தொடாதே. நீலம் என்றால் வெட்டு. ஒரு தடவை நல்ல திடமான ஊசியிலை மரம் ஒன்றில் நீலத்தைப் பார்த்து, "இது எதுக்கு? ஆரோக்கியமாத்தானே நிக்குது" என்று கேட்டுவிட்டாள். மேஸ்திரி எரிந்து விழுந்தான்: "நீலம் கேள்வி கேக்காது. நீயும் கேக்காதே. வெட்டு!" அலுவலகம் இவர்களோடு அந்த மலையில் பேசிய ஒரே பாஷை அதுதான். அதை அவள் தலைகீழாகப் பாடம் செய்து வைத்திருந்தாள். முட்டி போன பிறகு பேரிக்காய் கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலைக்கு, சோலேயின் பக்கத்து இடத்துக்கு வந்தாள். ஆனாலும் மரத்தில் நீலத்தைப் பார்த்தால் கை தானாக மரமறுக்கிற வாளைத் தேடும் என்பாள்.

சனிக்கிழமை காலை நாற்பத்து மூன்று பேர் வந்து நின்றார்கள். கெல்சி எட்டுப் பேரை எதிர்பார்த்திருந்தாள். பத்து ஜோடிக் கையுறைதான் கொண்டுவந்திருந்தாள். பரவாயில்லை, தோட்டத்திலும் கிட்டங்கியிலும் வெறுங்கையோடு பிழைக்கிற கைகள்தானே என்று பெண்கள் பாவாடையை இழுத்துச் செருகினார்கள். கெல்சி மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்து, எப்படிப் பிடிப்பது, முதுகு வலிக்காமல் எப்படிக் குனிவது என்று விளக்க ஆரம்பித்தாள்.

"மகளே, இதுல எந்தப் பக்கம் மண்ணுக்குள்ள போகணும்?" என்றாள் எர்மினியா, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

கெல்சி இரும்புப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். கூட்டம் வெடித்துச் சிரித்தது. கெல்சிக்கும் புரிந்து, காது சிவந்து, அவளும் சிரித்தாள். அந்தக் காலை நன்றாகத்தான் தொடங்கியது. பிறகு, படம் எடுக்கிற ஆள் வழி தெரியாமல் நெடுஞ்சாலையில் நிற்கிறான் என்று போன் வந்து, அவனைக் கூட்டிவர கெல்சி போனாள்.

பெண்கள் வரிசை கட்டிப் பிடுங்கிக்கொண்டே ஓடை வளைவு வரை போனார்கள். அங்கே முள்செடி இடுப்பு உயரம் நின்றது. இலையெல்லாம் ஈரம். அந்த ஈரத்தில் நீலம்.

"அக்கா, இங்க பாருங்க, செடியில நீலமா இருக்கு" என்று ஒருத்தி கூப்பிட்டாள்.

எர்மினியா வந்து பார்த்தாள். செடிகளுக்குப் பின்னால் நின்ற காய்ந்த மரங்களிலும் நீல வளையம் இருந்தது. நெருப்புப் பயத்துக்காக அந்தக் கரையில் மரம் குறைக்கப்போகிறார்கள், அந்த வேலை தன் அண்ணன் மகன் எலேயாசரின் கூட்டத்துக்குத்தான் கிடைத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். மரத்திலும் நீலம், செடியிலும் நீலம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"இது இவங்க பாஷை. எனக்குத் தெரியும்" என்றாள். "நீலம்னா எடுத்துடணும்னு அர்த்தம். மத்ததைப் பிறகு பார்ப்போம். நீலமா இருக்கறதை முதல்ல பிடுங்குங்க!"

பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் சோலே. பேரனின் விருந்து மேசை அந்த வளைவில்தான் போடப்போகிறார்கள். பத்தே நிமிஷத்தில் கை முழங்கை வரை நீலம். வெயில் ஏற ஏற, கண்ணில் வழிகிற வேர்வையைச் சோலே புறங்கையால் துடைத்துக்கொண்டே பிடுங்கினாள்.

அது பெயின்ட் இல்லை. களைக்கொல்லி மருந்து. எங்கே அடித்தாயிற்று, எங்கே அடிக்கவில்லை என்று அடிக்கிறவனுக்குத் தெரிவதற்காக அதில் நீலச் சாயம் கலப்பார்கள். அன்று விடியற்காலைதான் அலுவலகத்தின் இன்னொரு பிரிவு ஆள் வைத்து அடித்துவிட்டுப் போயிருந்தது. ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியாத அலுவலகம். "மருந்து அடிக்கப்பட்டுள்ளது, உள்ளே வராதீர்" என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஒன்றே ஒன்று. மேல்வாசலில். ஆங்கிலத்தில்.

சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பேர் கையிலும் தடிப்பு. சோலேயின் இடது கண் ஞாயிறு காலை திறக்கவில்லை. திங்கட்கிழமை கிட்டங்கியில் மேற்பார்வையாளன் அவள் முகத்தைப் பார்த்த வேகத்தில் வீட்டுக்குப் போகச் சொன்னான். ஓடுகிற பட்டையில் பேரிக்காயின் புள்ளியையும் நசுக்கலையும் கண்ணால் பொறுக்குகிற வேலை. கண் இல்லாமல் அங்கே என்ன நிற்பது? மருத்துவமனையில் டாக்டர் இமையை விரித்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "என்ன மருந்து? பேர் வேணும். பேர் தெரிஞ்சாத்தான் சரியா வைத்தியம் பார்க்க முடியும்."

எர்மினியா அங்கிருந்து நேரே அலுவலகத்துக்குப் போனாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். நீலம்னா எடுக்கணும் என்று சொன்ன வாய் அவளுடையது. சோலேயை முன்னால் விட்டதும் அவள்தான்.

அலுவலகத்தின் பெரியவர் வெண்டல். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட பச்சைச் சட்டை. கெல்சி பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள்.

"எனக்கு மருந்தோட பேரு வேணும். அவ்வளவுதான். டாக்டர் காத்துட்டிருக்கார்" என்றாள் எர்மினியா.

வெண்டல் ஒரு போட்டோவைத் தள்ளினார். மேல்வாசலில் நோட்டீஸ். "நாங்க முறையா அறிவிச்சிருந்தோம். போதாக்குறைக்கு நீலச் சாயம் வேற தெளிவாத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே வெறுங்கையால பிடுங்கியிருக்காங்க."

"கீழ்வாசல்ல ஒட்டலையே?"

"அது அதிகாரபூர்வமான வாசல் இல்லை."

"நாப்பது வண்டி நிக்குது அங்க, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை!"

"புத்தகத்தில் அப்படி எந்தப் பதிவும் இல்லை" என்று கெல்சி மொழிபெயர்த்தாள். குரல் கீழே போய்விட்டது.

பிறகு வெண்டல் ஒரு தாளை எடுத்து வைத்தார். குழுத்தலைவி என்ற முறையில் எர்மினியா கையெழுத்துப் போட வேண்டுமாம். கோப்பு முடிந்தால்தான் மருந்து விவரம் எல்லாம் வெளியே கொடுக்க முடியுமாம். எர்மினியா தாளைக் கையில் எடுத்தாள். படித்தாள். திரும்ப ஒரு தடவை படித்தாள். "மருந்து தெளிக்கப்பட்டிருப்பது குறித்து எங்கள் குழுவுக்கு முன்கூட்டியே உரிய எச்சரிக்கை வழங்கப்பட்டது என்பதையும், அதை மீறி நாங்களே எங்கள் பொறுப்பில் செயல்பட்டோம் என்பதையும் இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்." அச்சுக்கோத்த ஸ்பானிஷ். ஒரு புள்ளி தப்பில்லை. கெல்சி பேசுகிற ஸ்பானிஷைவிட எத்தனையோ மேல்.

எர்மினியா தாளை மேசையில் போட்டாள்.

"இதை யாரு எழுதினது?"

"தலைநகரில் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள்" என்றாள் கெல்சி, மேசையைப் பார்த்துக்கொண்டே.

"இருக்காங்களா!" எர்மினியா எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "இருக்காங்களாமே! 'மருந்து அடிச்சிருக்கு, தொடாதே'ன்னு சொல்ல நாலு வார்த்தை ஸ்பானிஷ் கிடைக்கல உங்களுக்கு. 'தப்பு எங்க மேலதான்'னு நாங்க எழுதிக் குடுக்கறதுக்கு மட்டும் இவ்வளவு அழகான ஸ்பானிஷ் கிடைச்சுதா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே, வெக்கமா இல்ல? அவ கண்ணு அங்க வெந்துட்டிருக்கு. நான் கேட்டது ஒரு பேரு. ஒரே ஒரு பேரு! மகளே, ஒரு வார்த்தை விடாம அந்தாளுக்குச் சொல்லு. இந்த மலையில உங்க நீலத்துக்குப் பதிமூணு வருஷம் நான் கேள்வி கேக்காம வேலை செஞ்சேன்னு சொல்லு. அதனாலதான் இன்னைக்கு அவளைக் குருடாக்கினேன்னு சொல்லு!"

கெல்சி சொன்னாள். முழுவதும் சொன்னாளா என்று தெரியாது. வெண்டல் பேனாவின் மூடியைக் கழற்றி, தாளின் மேல் வைத்தார்.

எர்மினியா கையெழுத்துப் போடவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் கெல்சி பின்னால் ஓடிவந்தாள். கையில் ஒரு போட்டோ. சனிக்கிழமை எடுத்தது. பெண்கள் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். அதன் பின்பக்கம் மருந்தின் பெயரை எழுதியிருந்தாள்.

"நான்... எனக்கு... அன்று தெளிப்பது எனக்குத் தெரியாது. சத்தியமாக" என்றாள். அழுதாள்.

"நீ நல்ல பொண்ணுதான்" என்றாள் எர்மினியா, போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு. "அதனாலதான் எனக்கு இன்னும் கோவம் வருது. நல்லவங்களாப் பார்த்து முன்னாடி நிறுத்தி டோநட் குடுக்க வைக்கிறானுங்களே!"

டாக்டர் பெயரைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். சனிக்கிழமையே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். வீக்கம் வடியும், வலி போகும், ஆனால் அந்தக் கண்ணில் மங்கல் நிற்கும். கிட்டங்கி வேலையை இனி மறந்துவிட வேண்டியதுதான். சோலே எர்மினியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன பண்ணுவ கொமாத்ரே, விடு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. மற்ற பெண்கள் திட்டினார்கள். "உங்களை நம்பித்தானேக்கா வந்தோம்" என்று அந்த நீலத்தை முதலில் காட்டியவளே வாசலில் நின்று கேட்டாள்.

கையெழுத்துப் போடாததற்குப் பலன் அந்த வாரமே வியாழக்கிழமை தெரிந்தது. ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் இருக்கிறது. எலேயாசர் போன் செய்தான். சனிக்கிழமை தொடங்கப்போகிற மரவேலைக்கு இடம் பார்க்கப் போயிருந்தவன்.

"அத்தை, கீழ்வாசலை மூடிட்டாங்க. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தாள். வண்டிப் பாதையின் ஓரம் புதிதாக ஒரு மரக்கம்பம் நட்டிருந்தது. வாசலின் இரும்புக் கதவைச் சங்கிலி போட்டு அந்தக் கம்பத்தோடு பூட்டியிருந்தார்கள். கம்பத்தின் தலையில் பளபளவென்று ஒரு பலகை. முழுக்க ஆங்கிலம்.

"'பார்வையாளர்களின் பாதுகாப்பைக் கருதி மூடப்பட்டது'ன்னு போட்டிருக்கு" என்று எலேயாசர் படித்துச் சொன்னான். "நம்ம பாதுகாப்பாம் அத்தை."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். விருந்து?"

"அதான் எனக்கும் தெரியல. முப்பது குடும்பத்துக்குச் சொல்லியாச்சு. மேல்வாசல்ல ஆறு வண்டிதான் நிக்கும். கிழவங்களை அந்தச் சரிவுல எப்படி இறக்கறது?"

எர்மினியா கம்பத்தைச் சுற்றி வந்தாள். உள்ளங்கையை வைத்துத் தடவினாள். இருபத்தைந்து வயதுள்ள ஊசியிலை மரம். நட்டதே அவளாக இருந்தாலும் இருக்கும்.

"சனிக்கிழமை நீங்க எங்கேருந்து ஆரம்பிக்கிறீங்க?"

"மேலேருந்து வெட்டிக்கிட்டே இறங்குவோம். அரை நாள் வேலைதான், பதினொண்ணுக்கெல்லாம் இந்த வாசல்கிட்ட வந்து முடிப்போம்."

"போன வருஷம் ஒரு நீல மரத்தை விட்டுட்டீங்கன்னு இந்த வெண்டல்தானே சத்தம் போட்டாரு?"

"ஆமா. எல்லார் முன்னாடியும் வெச்சு. 'உங்க ஆளுங்களுக்கு நிறம்கூடத் தெரியாதா'ன்னு கேட்டாரு. ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்றாள் எர்மினியா.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருகிற வழியில் கடையில் ஒரு நீல ஸ்ப்ரே டப்பா வாங்கினாள். வெயில் இன்னும் இருந்தது. ஒளிந்து செய்யவில்லை. காரைப் பாதையோரம் நிறுத்தி இறங்கி, கம்பத்தின் மார்பு உயரத்தில் ஒரு வளையம் போட்டாள். முட்டி வலியோடு குனிந்து, மண்ணை ஒட்டி ஒரு கோடு போட்டாள். பிறகு வாசல் கதவில் ஒரு தாளை நான்கு மூலையும் அழுத்தி ஒட்டினாள். ஸ்பானிஷில் எழுதியது. ஸ்பானிஷில் மட்டும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கோயிலிலிருந்து வண்டிகள் வந்து கீழ்வாசலுக்கு வெளியே வரிசையாக நின்றன. குழந்தை வெள்ளை உடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. வாள்களின் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. எலேயாசரின் ஆட்கள் எட்டுப் பேர், தலைக்கவசமும் மரத்தூளுமாக, கடைசி மரத்தைச் சாய்த்துவிட்டுக் கம்பத்தின் முன்னால் வந்து நின்றார்கள். எலேயாசர் நீல வளையத்தைப் பார்த்தான். அது முடிகிற இடத்தில் லேசாக ஒரு வால். வேலையிலிருந்து நின்ற நாளில் அத்தை அவன் வாள் பெட்டியில் போட்டுக்கொடுத்த அடையாளத்திலும் அதே வால் இருந்தது. வரிசையில் நின்ற அத்தையைத் திரும்பிப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி, இதுலயும் நீலம் இருக்கே. என்ன பண்றது?" என்றான் ஒருவன்.

"நீலம் கேள்வி கேக்காது" என்றான் எலேயாசர். "வெட்டு."

அரை நிமிஷ வேலை. கம்பம் பலகையோடு சாய்ந்தது. அதில் கட்டியிருந்த சங்கிலி உருவி விழுந்தது. இரும்புக் கதவு தன் பாரத்தில் தானே மெதுவாகத் திறந்துகொண்டது. யாரும் கைதட்டவில்லை. அடுப்பும் கரியும் ஏற்றிய முதல் வண்டி உள்ளே போனது. பின்னால் அடுத்தது. மருந்து அடித்த வளைவை விட்டுத் தள்ளி, வாசல் பக்கத்திலேயே அடுப்பை இறக்கினார்கள்.

மரவேலையைச் சரிபார்க்க வெண்டல் மேல்வாசல் வழியாக இறங்கி வந்தபோது இறைச்சி வாடுகிற வாசனை ஓடைக்கரை முழுக்கப் பரவியிருந்தது. கெல்சியும் கூட வந்திருந்தாள். வெண்டல் விழுந்து கிடந்த பலகையைப் பார்த்தார். முகம் செங்கல் நிறத்துக்குப் போனது.

"இதை வெட்டச் சொன்னது யார்?"

எலேயாசர் அடிக்கட்டையைக் காட்டினான். நீலக் கோடு அப்படியே இருந்தது. "நீங்கதான் சார். நீலம் அடிச்சிருந்துச்சு. மேல வளையம், கீழ கோடு, முறைப்படி. எங்க ஆளுங்களுக்கு நிறம் தெரியும் சார்."

"இது எங்க பெயின்ட் இல்லை!"

"அதை நாங்க எப்படி சார் கண்டுபிடிக்கிறது? நீலத்துல நல்ல நீலம், கெட்ட நீலம்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரலையே."

எர்மினியா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சோலே அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். இடது கண்ணின் மேல் வெள்ளைத் துணி.

"மொழிபெயர் மகளே" என்றாள் எர்மினியா கெல்சியிடம். "நாங்க முறையா அறிவிச்சிருந்தோம்னு சொல்லு. 'சனிக்கிழமை காலை நீலக் கம்பம் வெட்டப்படும், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லவும்'னு நேத்தே நோட்டீஸ் ஒட்டியாச்சு. அந்தா, கதவுல இருக்கு."

வெண்டல் கதவைப் பார்த்தார். "நான் இந்த வழியா வரலையே! அதோட, அது ஸ்பானிஷ்ல இருக்கு!"

கெல்சி அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். அவசியமே இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சோலேயின் முகத்துக்கு எதிரில் யாருக்குச் சிரிப்பு வரும்?

எர்மினியா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஆங்கிலம். முன்கூட்டியே உரிய எச்சரிக்கை வழங்கப்பட்டது என்பதை அலுவலகம் ஒப்புக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது. ஒரு புள்ளி தப்பில்லை. அதை எழுதிக் கொடுத்தது யார் என்று எர்மினியா கடைசிவரை சொல்லவில்லை. கெல்சி ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெண்டல் தாளைக் கையில் வாங்கினார். படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.

சோலே ஓர் அடி முன்னால் வந்து, பேனாவை அவர் பக்கம் நீட்டினாள்.

"எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்னு நான் காட்டறேன் சார்" என்றாள். "எனக்கு இன்னும் ஒரு கண்ணு தெரியுது."